பயணம் போகட்டும், சொல்லிவிட்டுப் போகட்டும்!

 

நம் இல்லங்களில் அண்மைக் காலமாகப் புதியதொரு கவலை குடிபுகுந்திருக்கிறது. பிள்ளை அயல்நாட்டில் மருத்துவம் படிக்கிறான். வாரத்தில் ஐந்து நாள் கல்லூரி. சனி, ஞாயிறு வந்தால் நண்பர்களோடு ஊர் பார்க்கப் புறப்பட்டு விடுகிறான். ஒரு வாரம் ஏரி, மறுவாரம் மலை, அதற்கடுத்த வாரம் ஏதோ ஒரு பழைய கோட்டை. அலைபேசியில் வந்து விழும் படங்களைக் கண்டு தாய் பாதி மகிழ்கிறாள், பாதி கலங்குகிறாள்.

எங்கள் மதரஸாவில் ஓதிச் சென்ற மாணவர் ஒருவரின் தாயார் சில மாதங்களுக்கு முன் என்னிடம் கேட்டார்: “ஹஜ்ரத், நகையை அடகு வைத்து, கடன் வாங்கிப் படிக்க அனுப்பியிருக்கிறோம். அவன் வாரம் தவறாமல் ஊர் சுற்றுகிறான். இனிமேல் எங்கேயும் போகக் கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிடட்டுமா?”

இது அந்த ஒரு தாயின் கேள்வியன்று. ரஷ்யாவிலும் ஜார்ஜியாவிலும் கிர்கிஸ்தானிலும் உஸ்பெகிஸ்தானிலும் பிள்ளைகளைப் படிக்க வைத்துள்ள எத்தனையோ பெற்றோரின் கேள்வி. எனவே இம்மாதம் அதனையே எடுத்துக்கொள்வோம்.

கண்டித்துச் சொன்னால் என்ன நடக்கும்? பிள்ளை போவது நிற்காது. நம்மிடம் சொல்வதுதான் நிற்கும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

பயணம் குற்றமா?

பயணத்தை நம் மார்க்கம் பழிக்கவில்லை. பூமியில் நடந்து சென்று படைப்பின் அற்புதங்களையும் முன் வாழ்ந்தோரின் முடிவுகளையும் கண்டு சிந்திக்குமாறு திருமறை பல இடங்களில் மனிதனைத் தூண்டுகிறது. பயணிக்குத் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளும் சலுகையும், ரமளானில் நோன்பைப் பிறகு நோற்றுக்கொள்ளும் சலுகையும் வழங்கப்பட்டுள்ளன. மனிதன் ஊர்விட்டு ஊர் செல்வான் என்பதை ஏற்றுக்கொண்ட மார்க்கமே இத்தகைய சலுகைகளை வழங்க முடியும்.

நம் பிள்ளைகள் படிக்கும் நாடுகளில் காண வேண்டியவையும் குறைவல்ல. சமர்கந்தில் பயிலும் மாணவன், இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் அடங்கியுள்ள இடத்தைச் சிறிது நேரப் பயணத்தில் அடைந்துவிடலாம். வானியல் அறிஞரான மன்னர் உலூக் பேக் 15ஆம் நூற்றாண்டில் அதே நகரில் எழுப்பிய வானாய்வுக் கூடத்தின் எஞ்சிய பகுதியையும் காணலாம். ரஷ்யாவின் கஸானில் பயிலும் மாணவன், 2005ஆம் ஆண்டு திறக்கப்பட்ட குல் ஷரீஃப் பள்ளிவாசலின் நீலநிறக் குவிமாடத்தைக் கண்குளிரக் கண்டு வரலாம். ஏடுகளில் படித்ததை நேரில் கண்டவனின் அறிவு வேறு. காணாதவனின் அறிவு வேறு. மேலும், மொழி தெரியாத ஊரில் வாரம் முழுதும் நான்கு சுவர்களுக்குள் அடைந்து கிடக்கும் இளைஞனின் உள்ளம் தனிமையில் வாடிப்போகும். நல்ல நண்பர்களோடு ஒரு நாள் வெளியே சென்று வருவது அவனுக்கு மருந்து.

ஆகவே, போகட்டும். ஆனால் எப்படிப் போகிறான் என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

கொல்லிமலை கற்பிக்கும் பாடம்

நாமக்கல் மாவட்டத்தில் வாழும் நமக்குக் கொல்லிமலை புதிதன்று. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் குண்டனி நாடு, வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு என்று ‘நாடு’ எனும் பெயர் தாங்கிய மலைக் கிராமங்கள் விரிகின்றன. பலாவும் மிளகும் அன்னாசியும் விளையும் மண். சனி, ஞாயிறுகளில் சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் இன்னும் தொலைவிலிருந்தும் இளைஞர்கள் இருசக்கர வாகனங்களில் கூட்டம் கூட்டமாக வந்து சேர்கிறார்கள். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்திற்கும் மேற்பட்ட படிகள் இறங்கிச் செல்கிறார்கள்.

குண்டனி நாட்டு விவசாயி ஒருவருக்கு வானத்தைப் பார்த்தாலே மேலே எங்கோ மழை பிடித்துவிட்டது என்பது தெரியும். இன்னும் சற்று நேரத்தில் ஓடையில் நீர் ஏறும் என்பதும், எந்தப் பாறையில் பாசி வழுக்கும் என்பதும், எந்த மடுவில் ஆழம் ஒளிந்திருக்கிறது என்பதும் தெரியும். வந்திறங்கும் இளைஞனுக்கு இவற்றில் எதுவும் தெரியாது. அவனுக்குத் தெரிவதெல்லாம் தெளிந்த நீரும், படம் எடுக்கத் தோதான பாறையும்தான். “தம்பி, அங்கே இறங்காதீங்க” என்று மலைவாசி சொன்னால் சிரித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

இதைக் கண்டு நாம், ‘ஊர் தெரியாத பிள்ளைகள், சொன்னாலும் கேட்பதில்லை’ என்று அலுத்துக்கொள்கிறோம். சற்றே எண்ணிப் பாருங்கள்! வோல்கா நதிக்கரையில் நிற்கும்போது நம் வீட்டுப் பிள்ளைதான் அந்த ஊர் தெரியாத பிள்ளை. அங்கே அவன் படித்தவன், புத்திசாலி, பொறுப்பானவன் என்பதெல்லாம் ஆற்றுக்குத் தெரியாது. ஆற்றை அவனுக்கும் தெரியாது.

நடந்தவை

2020 ஆகஸ்டில் ரஷ்யாவின் வோல்கோகிராட் நகரில் மருத்துவம் பயின்று வந்த தமிழக மாணவர்கள் 4 பேர், பொழுதைக் கழிக்க வோல்கா நதிக்குச் சென்ற இடத்தில் நீரில் மூழ்கி மாண்டனர். தமிழகத்தின் வெவ்வேறு ஊர்களிலிருந்து சென்று அங்கே நண்பர்களானவர்கள். அவர்களுள் நம் சமுதாயத்துப் பிள்ளை ஒருவரும் இருந்தார். கொரோனாவின் காரணமாக வழக்கமான பன்னாட்டு விமானப் போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்த காலம் அது. பெற்ற மகனின் உடலைக் காணவும் பெற்றோர் நாள்களை எண்ணிக் காத்திருக்க நேர்ந்தது.

2024 ஏப்ரலில் ஸ்காட்லாந்தின் டன்டீ பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆந்திர இளைஞர்கள் இருவர், நண்பர்களுடன் லின் ஆஃப் டம்மல் என்னும் அருவியைக் காணச் சென்று நீரில் விழுந்து இறந்தனர். அதே மாதத்தில் கிர்கிஸ்தானில் உறைந்த அருவியொன்றில் சிக்கி மற்றோர் ஆந்திர மாணவர் உயிரிழந்தார்.

அதே ஆண்டு ஜூன் மாதம், ரஷ்யாவின் வெலிக்கி நோவ்கோரட் நகரில், மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் மாவட்டத்தைச் சேர்ந்த மாணவர்கள் வோல்கோவ் ஆற்றங்கரைக்குச் சென்றனர். மாணவி ஒருவர் கரையைவிட்டுச் சற்று விலகியபோது நீர் இழுத்தது. காப்பாற்ற உடன் வந்தவர்கள் இறங்கினர். காக்கச் சென்றவர்களையும் ஆறு கொண்டது. மாண்டவர் 4 பேர், பிழைத்தவர் ஒருவர். மாண்டவர்களில் ஒருவர் அப்போது வீட்டாருடன் அலைபேசியில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார் என்றும், தண்ணீரைவிட்டு வெளியே வருமாறு வீட்டார் மீண்டும் மீண்டும் சொன்னார்கள் என்றும் செய்திகள் வந்தன. அந்த வீட்டாரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்கவும் நெஞ்சம் நடுங்குகிறது. நீரில் மூழ்கி மரணிப்பவருக்கு ஷஹீதின் நற்கூலி உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றிருப்பது, பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு ஆறுதலாக அமையட்டும். ஆனால் அந்த ஆறுதலைத் தேடும் நிலைக்கு இன்னொரு தாய் ஆளாகாமல் காப்பது நம் கடமை.

இம்மாணவர்களைக் குறை கூறுவதற்காக இவற்றை எழுதவில்லை. அவர்கள் கெட்ட இடத்திற்குச் செல்லவில்லை. கெட்ட செயல் எதுவும் செய்யவில்லை. நண்பனைக் காக்க இறங்கியவனின் உள்ளம் எத்தகையது! அவர்களிடம் இல்லாமற்போனது ஒன்றுதான். அந்த நீரைப் பற்றிய அறிவு.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு சாட்சி

இது இன்று நேற்றுத் தோன்றிய ஆபத்தன்று. அப்பாஸிய கலீஃபா முக்ததிர் அனுப்பிய தூதுக் குழுவில் இடம்பெற்ற அஹ்மது இப்னு ஃபள்லான், 921ஆம் ஆண்டு பக்தாதிலிருந்து புறப்பட்டு, 922ஆம் ஆண்டு வோல்கா நதிக்கரையில் வாழ்ந்த பல்கர் மக்களின் நாட்டை அடைந்தார். அவர் எழுதிவைத்த பயணக் குறிப்பு இன்றும் கிடைக்கிறது. வழியில் யாயிக் என்னும் ஆற்றைத் தோற்படகுகளில் கடந்ததை அவர் விவரிக்கிறார். இன்று உரால் என்று அழைக்கப்படும் ஆறு அது. தாம் கண்ட ஆறுகளிலேயே பெரியதும் விரைவு மிக்கதும் அதுவே என்கிறார். படகொன்று கவிழ்ந்ததையும், உடன் வந்தோர் பலரும் ஒட்டகங்களும் குதிரைகளும் மூழ்கியதையும் தாமே கண்டதாக எழுதியிருக்கிறார். பாலைவனத்தை அறிந்த மனிதர்கள். ஆயினும் வடநாட்டு ஆற்றின் வேகம் அவர்களுக்குப் புதிது.

குளிர்ந்த நீர் என்ன செய்யும்?

நம் ஊர்க் கிணற்றிலும் வாய்க்காலிலும் நீந்திப் பழகியவன், ‘எனக்குத்தான் நீச்சல் தெரியுமே’ என்று எண்ணுவான். நம் கிணற்று நீர் வேறு; பனி உருகி வரும் நீர் வேறு. 15 பாகை செல்சியஸுக்கும் குறைந்த குளிர்நீரில் திடீரென்று விழுந்தால் உடல் அதிர்ந்து, தன்னையறியாமல் வாய் திறந்து மூச்சை உள்ளிழுக்கும். அந்நேரம் தலை நீருக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீர்தான். மூச்சு தாறுமாறாக ஓடும்; நெஞ்சு படபடக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவனும் இந்த முதல் நிமிடத்தில் தோற்றுப்போகிறான்.

பிரிட்டனின் உயிர்காப்புப் படகு நிறுவனத்தார் இதற்காகவே ஓர் எளிய வழியைக் கற்பிக்கிறார்கள். விழுந்தவுடன் நீந்த முயலக் கூடாது. தலையைப் பின்னால் சாய்த்து, காதுகள் நீரில் அமிழ, முகம் மேலே இருக்குமாறு மல்லாந்து மிதக்க வேண்டும். கைகளை மெல்ல அசைத்தால் போதும். ஓரிரு நிமிடங்களில் அந்த அதிர்ச்சி தணியும், மூச்சு வசப்படும். பிறகு உதவிக்குக் குரல் கொடுக்கலாம், அல்லது கரைக்கு நீந்தலாம்.

அணைக்குக் கீழே உள்ள ஆறு இன்னொரு விதத்தில் ஏமாற்றும். 2014 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை, ஹைதராபாத்திலிருந்து இமாசலப் பிரதேசத்திற்குச் சுற்றுலா சென்ற பொறியியல் மாணவர்கள் பியாஸ் ஆற்றில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தனர். மேலே உள்ள லார்ஜி நீர்மின் திட்டத்திலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது. மாணவ, மாணவியர் 24 பேரும் உடன் சென்ற ஒருவரும் அடித்துச் செல்லப்பட்டு மாண்டனர். முழங்கால் அளவு நீர் நிமிடங்களில் வெள்ளமாகும் என்பதை ஊரார் அறிவார்கள், விருந்தினர் அறியமாட்டார்கள்.

காப்பாற்றவும் கற்க வேண்டும்

ஒருவர் மூழ்கினால் மற்றவர் குதிப்பது மனித இயல்பு. ஆனால் மூழ்குகிறவன் அச்சத்தில் கைக்குக் கிடைத்ததை இறுகப் பற்றிக்கொள்வான். காக்க வந்தவனையும் சேர்த்து அமிழ்த்துவான். இதனால்தான் ஒரு மரணம் நான்காகிறது.

குதிக்காமல் காக்க முடியுமா? பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2020 ஆகஸ்டில், வோல்கா துயரம் நிகழ்ந்த அதே மாதத்தில், குளிக்க வந்த இளைஞர்கள் 4 பேர் ஆழத்தில் சிக்கினர். அங்கே இருந்த கிராமத்துப் பெண்கள் மூவர், சற்றும் தயங்காமல் தாங்கள் உடுத்தியிருந்த சேலைகளைக் கழற்றி வீசினர். அதைப் பற்றிய இருவர் கரை சேர்ந்தனர். மற்ற இருவரைக் காக்க இயலவில்லை. அப்பெண்கள் மூவருக்கும் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது வழங்கிச் சிறப்பித்தது. பெரிய படிப்பு எதுவும் இல்லாமலே, மூழ்குகிறவனுக்கு முதலில் வேண்டியது பற்றிக்கொள்ள ஒரு பொருள் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

கயிறு, நீண்ட கம்பு, துப்பட்டா, மூடி இறுக்கிய காலித் தண்ணீர்க் குடுவை, எது கிடைத்தாலும் நீட்டலாம், எறியலாம். கரையில் படுத்துக்கொண்டு நீட்டினால் நாம் இழுபட மாட்டோம். அதற்கும் முன்பாக ஒருவர் அவசர உதவியை அழைக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகளிலும் ரஷ்யாவிலும் இந்தியாவிலும் 112 என்ற எண் இதற்காக இருக்கிறது. பிரிட்டனில் 999 என்ற எண்ணும் உண்டு. இந்த எண்ணையும், ‘உதவி, ஆற்றில் ஒருவர் மூழ்குகிறார்’ என்ற வாக்கியத்தை அந்நாட்டு மொழியிலும் பிள்ளை மனப்பாடம் செய்திருக்கட்டும்.

இப்னு பதூதா மலையேறிய விதம்

ஊர் சுற்றுவதில் இப்னு பதூதாவை மிஞ்சியவர் யார்? 1325ஆம் ஆண்டு தம் 21ஆம் வயதில் மொராக்கோவின் தான்ஜியரிலிருந்து புறப்பட்டவர் அவர். 1344ஆம் ஆண்டு இலங்கை வந்தபோது, பாவா ஆதம் மலையைக் காண விரும்பினார். யாழ்ப்பாணத்துத் தமிழ் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தியிடம் தம் ஆவலைத் தெரிவித்தார். மன்னர் என்ன செய்தார்? அம்மலைக்கு ஆண்டுதோறும் சென்று வரும் யோகிகள் 4 பேர், பிராமணர் 3 பேர், தம் பரிவாரத்தினர் 10 பேர், உணவுப் பொருள்களைச் சுமந்து வர 15 பேர் என்று உடன் அனுப்பிவைத்தார். ஏறுவோர் பற்றிக்கொள்ள மலையில் இரும்புச் சங்கிலிகள் பொருத்தப்பட்டிருந்ததையும் இப்னு பதூதா குறித்துவைத்திருக்கிறார்.

உலகம் சுற்றிய அந்த அறிஞர், ‘எனக்குத் தெரியாத பாதையா?’ என்று தனியே ஏறிவிடவில்லை. அவ்வழியை அறிந்தவர்களோடு சென்றார். அவர்கள் வேற்றுச் சமயத்தவர் என்பதும் அவருக்குத் தடையாகவில்லை. நம் பிள்ளைக்கு மன்னர் துணை அனுப்பமாட்டார். ஆனால் உடன் படிக்கும் உள்ளூர் மாணவன் இருக்கிறான். விடுதிக் காவலர் இருக்கிறார். ஆற்றங்கரையில் தூண்டில் போடும் முதியவர் இருக்கிறார். “இங்கே இறங்கலாமா?” என்று கேட்பதற்கு அந்நாட்டு மொழியில் இரண்டு சொற்கள் போதும். எச்சரிக்கைப் பலகை எதற்காக வைக்கப்பட்டுள்ளது என்று கேட்டறிய ஒரு நிமிடம் போதும். ஏரி உறைந்து கிடந்தால், ஊரார் நடக்காத பனிக்கட்டியில் நாம் நடக்கலாகாது.

பெற்றோர் செய்ய வேண்டியவை

மூவர் பயணம் புறப்பட்டால் தமக்குள் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ள வேண்டும் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் வழிகாட்டல். இளைஞர் கூட்டத்திற்கு இதைவிடப் பொருத்தமான அறிவுரை வேறில்லை. ஒருவர் ‘போதும், திரும்புவோம்’ என்றால் மற்றவர் திரும்ப வேண்டும். எண்ணிக்கை பார்ப்பதும், நேரம் பார்ப்பதும், இருட்டுமுன் அழைத்து வருவதும் அந்த ஒருவரின் பொறுப்பு. தலைவர் இல்லாத கூட்டத்தில் துணிச்சல்காரன் தலைவனாகிவிடுவான்.

இரண்டாவது, புறப்படுமுன் எங்கே, யாரோடு, எப்போது திரும்புவது என்ற மூன்றையும் வீட்டிற்கும் விடுதியில் தங்கிவிட்ட ஒரு நண்பனுக்கும் சொல்லிச் செல்லும் பழக்கம் வேண்டும். அப்பழக்கம் நிலைப்பது பெற்றோரின் கையில்தான் இருக்கிறது. சொன்னவுடன், ‘படிக்க அனுப்பினால் ஊர் சுற்றுகிறாயா?’ என்று அத்தா சீறினால், அடுத்த வாரம் அவன் நூலகத்திற்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஏரிக்குப் போவான். அவன் எங்கே இருக்கிறான் என்பது அன்று யாருக்கும் தெரியாது. மாறாக, ‘நல்லது, போய் வா. அங்கே தண்ணீர் எப்படி? ஊர்க்காரர் யாராவது உடன் வருகிறாரா?’ என்று கேளுங்கள். உங்கள் கேள்வி கரையில் நிற்கும்போது அவன் நினைவுக்கு வரும். நீங்கள் திட்டியது வராது.

மூன்றாவது, நீச்சல். நம் முன்னோர் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டியவற்றுள் நீச்சலையும் ஒன்றாக மதித்தார்கள். இன்றோ பிள்ளைக்குக் கணினி கற்பிக்கிறோம், அயல்மொழி கற்பிக்கிறோம். நீரில் மிதக்கக் கற்பிப்பதில்லை. உலக அளவில் 2021ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. நம் பெண் மக்களும் இன்று கடல் கடந்து படிக்கிறார்கள். அவர்களுக்கும் தனி ஏற்பாட்டுடன், பெண் ஆசிரியைகளைக் கொண்டு நீச்சல் கற்பிப்பது நம் ஜமாஅத்துகள் யோசிக்க வேண்டிய பணி. ஆயினும் நீச்சல் தெரிந்திருப்பது அறியாத ஆற்றில் இறங்குவதற்கான அனுமதிச் சீட்டன்று என்பதையும் சேர்த்தே கற்பியுங்கள்.

‘எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், விதி இருந்தால் நடக்கும்’ என்று சிலர் சொல்லக்கூடும். ஒட்டகத்தை முதலில் கட்டு, பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டு என்ற கருத்தில் அண்ணலார் (ஸல்) கூறியதை அவர்கள் மறக்கலாகாது. தவக்குல் என்பது எச்சரிக்கைக்குப் பின் வருவது. எச்சரிக்கைக்குப் பதிலாக வருவதன்று.

பெற்றோர்களே! விமான நிலையத்தில் பிள்ளையின் பெட்டியில் ஊறுகாயும் மசாலாப் பொடியும் முஸல்லாவும் குளிர்ச் சட்டையும் மறவாமல் வைக்கிறோம். அவற்றோடு மூன்று வாசகங்களையும் அவன் நெஞ்சில் வைத்து அனுப்புவோம்: ஊராரைக் கேட்காமல் நீரில் இறங்காதே. மூழ்குகிறவனுக்குக் கையைக் கொடுக்குமுன் கயிற்றைக் கொடு. எங்கே போனாலும் சொல்லிவிட்டுப் போ, நாங்கள் திட்டமாட்டோம். ஏற்கெனவே அங்கே படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, வருகிற வெள்ளிக்கிழமை பேசும்போதே சொல்லிவிடலாம். மறுநாள் அவனுக்கு விடுமுறை.

கல்வி தேடிக் கடல் கடந்திருக்கும் நம் மக்கள் அனைவரையும் வல்ல அல்லாஹ் தரையிலும் நீரிலும் காத்து, கற்ற கல்வியோடும் நல்ல உடல்நலத்தோடும் பெற்றோரிடம் கொண்டு வந்து சேர்ப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.